தாளம் தப்புவது யாரால்? பையனாலா, கம்ப்யூட்டராலா?

ஜெர்மனி நாட்டில் ஹாம்பர்க் நகரம் இருக்கிறது. அங்கே ஸ்டீன்பெர்க் என்ற இசை மென்பொருள் கம்பெனி உண்டு. ஜப்பானின் யமஹா நிறுவனத்துக்குச் சொந்தமானது.

இந்தக் கம்பெனி 2025 அக்டோபரில் ஒரு முடிவை அறிவித்தது. திருவண்ணாமலையில் கிட்டார் பழகும் பையனுக்கும் அந்த முடிவுக்கும் சம்பந்தம் உண்டு. எப்படி? பார்ப்போம்.

வீடே ஒலிப்பதிவுக்கூடம்

ஒரு காலத்தில் பாட்டைப் பதிவு செய்யச் சென்னைக்குத்தான் போகவேண்டும். பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் கூடி, ஒரே மூச்சில் வாசிப்பார்கள்.

இப்போது ஒரு கம்ப்யூட்டர், ஒரு சிறிய ஒலிப்பெட்டி, ஒரு ஹெட்போன் போதும். இந்த ஒலிப்பெட்டியை 'ஆடியோ இன்டர்பேஸ்' என்கிறார்கள். கிட்டாரையும் கம்ப்யூட்டரையும் இணைப்பது இதுதான். திருவண்ணாமலையில் வீட்டு மாடியில் உட்கார்ந்தே பாட்டைப் பதிவு செய்துவிடலாம்.

ஆனால் ஒரு தொல்லை. பையன் தந்தியை மீட்டுகிறான். ஓசை ஹெட்போனில் சற்றுத் தாமதமாகக் கேட்கிறது. காது பிந்தினால் கையும் தயங்கும். பாட்டின் வேகம் குறையும். தாளம் தப்பும்.

"எனக்குத் தாள ஞானம் இல்லை போலிருக்கிறது" என்று பையன் சோர்ந்துவிடுகிறான். "புதுக் கம்ப்யூட்டர் வேண்டுமோ?" என்று தகப்பனார் கவலைப்படுகிறார். பல சமயங்களில் இரண்டுமே தவறான முடிவு!

ராஜகோபுரக் கணக்கு

ஓசை காற்றில் ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். ஒரு வினாடியை ஆயிரம் கூறு போட்டால், ஒரு கூறுதான் ஒரு மில்லி வினாடி. அந்த நேரத்தில் ஓசை ஏறக்குறைய ஓர் அடி தூரம் போகும்.

நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் பத்தடி தள்ளி நின்றால், இடையே 9 மில்லி வினாடி தாமதம். யாருக்கும் தெரியாது. கச்சேரி நன்றாகவே நடக்கும்.

அண்ணாமலையார் கோவில் ராஜகோபுரத்தின் உயரம் 217 அடி. உச்சியிலிருந்து ஒருவர் தாளம் தட்டினால், கீழே நிற்பவர் காதில் விழ ஏறக்குறைய 200 மில்லி வினாடி ஆகும். அவருக்கு ஈடு கொடுத்து வாசிக்க முடியுமா? முடியாது!

சாதாரண புளூடூத் ஹெட்போனின் தாமதம் இந்த 200 மில்லி வினாடி வரைகூடப் போவது உண்டு.

ஷேர் ஆட்டோ போல

கம்ப்யூட்டருக்குள் ஏன் தாமதம்? அது ஓசையை ஒரு வினாடிக்கு 44,100 துளிகளாக அளந்து எடுக்கிறது. ஒவ்வொரு துளியாக அனுப்புவதில்லை. ஒரு கூட்டம் சேர்த்து அனுப்புகிறது. ஆள் சேரும் வரை ஷேர் ஆட்டோ கிளம்பாது அல்லவா? அதுபோலத்தான். இந்தக் கூட்டத்தின் அளவுக்கு 'பபர்' என்று பெயர்.

பபர் 1,024 என்றால் கூட்டம் சேர 23 மில்லி வினாடி ஆகும். உள்ளே வர ஒரு தடவை, வெளியே போக ஒரு தடவை. ஆக 46. தவில்காரர் ஐம்பது அடி தள்ளி நிற்பது போல! பபரை 256 ஆக்கினால் மொத்தம் 12 மில்லி வினாடிக்குள் முடிந்துவிடும்.

அப்படியானால் இன்னும் குறைக்கலாமே என்கிறீர்களா? குறைக்கலாம். ஆனால் நடை அதிகமாகும். கம்ப்யூட்டர் திணறினால் பதிவில் 'கர கர' என்று ஓசை விழும்.

ஜெர்மனி முடிவு என்ன?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் பல ஓசைகளும் ஒரு பொதுவழியில் கலந்து போகும். அந்த நெரிசலும் தாமதத்துக்கு ஒரு காரணம். இசைக்கு மட்டும் நேர்வழி போட ஸ்டீன்பெர்க் 1997-ல் 'ஏசியோ' என்ற முறையைக் கொண்டு வந்தது.

முறை நல்லது. உரிமத்தில்தான் சிக்கல். 'அடாசிட்டி' என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளை உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். அதில் ஏசியோவைச் சேர்த்து வினியோகிக்கப் பழைய உரிமம் இடம் தரவில்லை. காசு கொடுத்து மென்பொருள் வாங்குவோருக்கு நேர்வழி; இலவச மென்பொருளை நம்பியவருக்குப் பெரும்பாலும் பொதுவழி.

2025 அக்டோபரில் அந்தக் கதவு திறந்தது. ஏசியோவைப் பொது உரிமத்திலும் ஸ்டீன்பெர்க் வெளியிட்டது. யாரும் எடுத்துச் சேர்க்கலாம். தம் மென்பொருளின் மூலத்தையும் பிறருக்குத் திறந்துவைக்க வேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை.

உரிமம் கிடைத்ததும் தாமதம் தானாக மறையாது. மென்பொருள் எழுதுவோர் அதைச் சேர்க்கவேண்டும். ஆனாலும் காசு இல்லாத பிள்ளைக்கும் நேர்வழி கிடைக்க வாய்ப்பு வந்திருக்கிறது. அதுதான் இந்த முடிவின் பலன்.

இன்றே செய்யக்கூடியவை

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. சில காரியங்களை இன்றே செய்யலாம்.

புளூடூத்தை விட்டு, ஒயர் உள்ள ஹெட்போனை மாட்டுங்கள்.

ஒலிப்பெட்டி செய்த கம்பெனி தரும் 'டிரைவர்' மென்பொருளையே போடுங்கள். பெரும்பாலும் இலவசம்.

பதிவு செய்யும்போது பபரை 128 அல்லது 256 ஆக வையுங்கள். பதிவு முடிந்து, ஓசைகளைக் கலந்து சரிசெய்யும்போது 1,024 இருக்கலாம்.

பதிவின்போது மற்ற வேலைகளைக் கம்ப்யூட்டரில் மூடிவிடுங்கள்.

பல ஒலிப்பெட்டிகளில் 'டைரக்ட் மானிட்டர்' என்ற பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் கிட்டார் ஓசை கம்ப்யூட்டருக்குள் போய் வராமல், பெட்டியிலிருந்தே காதுக்கு வரும். தாமதம் தெரியாது. கம்ப்யூட்டர் சேர்க்கும் எதிரொலி போன்ற அலங்காரங்கள் மட்டும் அப்போது கேட்காது, பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்த பிறகு பையனை மீண்டும் வாசிக்கச் சொல்லுங்கள். தாளம் சேர்ந்தால், குற்றம் அவனுடையது அல்ல. புதுக் கம்ப்யூட்டருக்கு எடுத்து வைத்த பணமும் மிச்சம்!