சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

பூனைக்கு ஷுகர் என்று கால்நடை மருத்துவர் சொன்னால், சித்தூர்ப் பக்கத்து வீடுகளில் முதலில் வருவது சிரிப்பு. ‘பூனைக்குமா?’ சிரிப்பு அடங்கியதும் ஒரு தைரியம் வரும்: நமக்குத் தெரியாத ஷுகரா, ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தால் தாத்தாவின் இன்சுலின் நிற்கிறதே! சிரிப்பால் யாருக்கும் கெடுதல் இல்லை. பூனையின் உயிருக்கு உலை வைப்பது அந்தத் தைரியம்தான்.

தைரியம் சும்மா வந்ததில்லை. 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. ஊசி போட்டுப் பழகிய கையும் குளுக்கோமீட்டர் பார்த்துப் பழகிய கண்ணும் தெருவுக்கு நாலு வீட்டில் உண்டு. வெளிநாட்டில் பூனை வளர்ப்பவர் ஊசியைக் கண்டதும் கை நடுங்கி நிற்கிற இடத்தில், சித்தூர் கிரீம்ஸ்பேட்டைக்காரர் அசராமல் நிற்பார். வீட்டு வைத்தியத்தில் பாதிக் கிணறு அதிலேயே தாண்டியாயிற்று. மீதிப் பாதியில்தான் தாத்தாவின் கணக்கு பூனைக்குப் பொருந்தாமல் போகிறது.

நடுவயதைத் தாண்டி, கருத்தடை செய்து, வீட்டுக்குள்ளேயே படுத்துக் கொழுத்த ஆண் பூனைக்கு இந்த நோய் வர வாய்ப்பு அதிகம். மனிதருக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவைப் போன்றதே இதுவும்: இன்சுலின் சுரந்தாலும் உடம்பு அதற்குப் பணிவதில்லை, கணையமும் நாளடைவில் சோர்ந்துபோகிறது. அரிப்புக்கும் இளைப்புக்கும் போடுகிற ஸ்டீராய்டு ஊசிகூட இதைக் கிளப்பிவிடும். பூனை குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும், மண் தட்டு எந்நேரமும் நனைந்து கிடக்கும். நன்றாகத் தின்றுகொண்டே இளைக்கும். முற்றினால் பின்னங்கால் நரம்பு தளர்ந்து, விரலில் நடக்க வேண்டிய பூனை குதிகால் வரை தரையில் பதித்து நடக்கும். இதை வாதம் என்று நினைத்துத் தைலம் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பூனைக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணர்கிற மரபணுக்களில் ஒன்று பூனை இனத்தில் செயலிழந்து கிடப்பதை அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தினர் 2005-ல் கண்டுபிடித்தார்கள். திருப்பதி லட்டை முன்னால் வைத்தால் அது நெய் வாசனைக்கு மோந்து பார்க்குமே தவிர, சர்க்கரைக்காக அல்ல. அதன் தட்டில் மாவுச்சத்து சேர்வது வேறு வழியில். சித்தூர் பால் வளம் உள்ள சீமை. பால் சோறும் தயிர் சோறும் தின்று வளராத பூனை இங்கே அபூர்வம். சோற்றை விட்டு மாறிய வீடுகளில் பாக்கெட்டில் வரும் மொறுமொறு தீனி. அதிலும் மாவுச்சத்துக்குக் குறைவில்லை.

இனி தாத்தாவின் மருந்துக்கு வருவோம். நம் ஊர்களில் அதிகம் புழங்குகிற இன்சுலின் குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட் வகை. அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. பூனைக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் எழுதித் தருவது கிளார்ஜின் என்ற இன்சுலின். அது ஒரு மில்லிக்கு 100 யூனிட்; அதன் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. கிளார்ஜினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ‘ஒரு கோடு’ இழுத்தால் உள்ளே போவது ஒரு யூனிட் அல்ல, இரண்டரை. எழுபது கிலோ மனிதர் அந்த வித்தியாசத்தை ஒரு டம்ளர் ஜூஸில் சமாளித்துவிடுவார். நாலு கிலோ பூனை தாங்காது; பல பூனைகளுக்கு ஒரு யூனிட்டில்தான் வைத்தியத்தையே தொடங்குவார்கள். ஆகவே கடையில் ‘இன்சுலின் சிரிஞ்சு’ என்று மொட்டையாகக் கேட்கக் கூடாது. 100 யூனிட் வகை, அதிலும் 30 யூனிட் கொள்கிற சின்ன சிரிஞ்சு, அரை யூனிட் கோடு போட்டது என்று சொல்லிக் கேட்க வேண்டும். கடையில் இல்லாவிட்டால் வரவழைக்கச் சொல்லலாம்.

தாத்தாவின் 30/70 இன்சுலின் கலவையையே சின்ன அளவில் போட்டால் என்ன? பூனை உடம்பில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும், பன்னிரண்டு மணி நேரம் நிற்காது. அவருடைய மாத்திரையை உடைத்துக் கொடுப்பது இன்னும் மோசம். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை இறக்குகிற மாத்திரை வகையில் பூனைக்கென்றே ஒன்றை அமெரிக்கா 2022 டிசம்பரில் அனுமதித்தது உண்மைதான். ஆனால் அது இன்சுலினே போட்டிராத, மற்றபடி திடமான பூனைகளுக்கு, ரத்தப் பரிசோதனைக்குப் பின் தருவது. சர்க்கரை அளவு நல்லபடியாகத் தெரியும்போதே ரத்தம் அமிலமாகிச் சாகும் ஆபத்து அந்த மருந்துக்கு உண்டு.

ஊசி போடுவது மட்டும் நினைப்பதைவிடச் சுலபம். பூனை தட்டில் தலையைக் கவிழ்த்திருக்கும்போது, விலாப் பக்கத் தோலை இரண்டு விரலால் கூடாரம் போலத் தூக்கி, அதன் அடியில் குத்தினால் பல பூனைகள் மெல்லுவதைக்கூட நிறுத்தாது. குத்தியதும் ரோமத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். ஈரம் பட்டால் மருந்து வெளியே போயிருக்கிறது. அப்போது ‘இன்னொன்று போட்டுவிடுவோம்’ என்று கை துறுதுறுக்கும், போடக் கூடாது. எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது, அடுத்த வேளைக்குக் காத்திருப்பதே நல்லது. பூனை அன்று சாப்பிடவே இல்லையா? முழு அளவைப் போடுவதற்கு முன் மருத்துவருக்கு ஒரு போன்.

தீனி விஷயத்தில் சைவ வீடுகளுக்குச் சங்கடம் உண்டு. மாமிசமே நுழையாத திருமலையின் அடிவாரத்தில் அப்படிப்பட்ட வீடுகள் நிறைய. ஆனால் பூனையின் உடம்பு மாமிசத்துக்கென்றே அமைந்தது. அடுப்பில் ஏற்ற மனமில்லாதவர்கள் மாவுச்சத்து குறைந்த ஈரத் தீனிப் பாக்கெட்டுகளைப் பார்க்கலாம். இன்சுலின் ஓடிக்கொண்டிருக்கும்போது தயிர் சோற்றை ஒரே நாளில் நிறுத்தினால், பழைய அளவு ஊசியே அதிகமாகிவிடும். மருத்துவரைக் கேட்டு இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். இளைக்க வைக்கிறேன் என்று பட்டினி போடுவதும் ஆகாது. புரட்டாசிச் சனிக்கிழமை விரதம் வீட்டுப் பெரியவர்களோடு நிற்கட்டும்; கொழுத்த பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகும்.

பெரிய ஆஸ்பத்திரி என்றால் திருப்பதிதான். அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி 1955-லிருந்து இருக்கிறது. 2005-ல் வந்த ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகத்துக்கும் அதே ஊர்தான். சித்தூரிலிருந்து பூனையைக் கூடையில் அடைத்து, சுமார் 70 கிலோமீட்டர் ஹாரன் சத்தத்தில் கொண்டுபோய், நாய்கள் குரைக்கும் வராந்தாவில் உட்காரவைத்து ரத்தம் எடுத்தால் சர்க்கரை ஏறித்தான் இருக்கும். பயத்திலேயே 300-ஐத் தொடுகிற ஆரோக்கியமான பூனைகள் உண்டு. ஆகவே அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டுவதில்லை. சிறுநீரையும், கடந்த ஓரிரு வாரச் சராசரியைக் காட்டுகிற ஃபிரக்டோசமின் பரிசோதனையையும் பார்ப்பார்கள்.

வீட்டில் அளப்பதன் அருமை இங்கேதான் தெரிகிறது. காது மடலை வெதுவெதுப்பான துணியால் ஒற்றி, ஓரத்து ரத்தக் குழாயை ஒட்டி ஒரு குத்து, கடுகளவு ரத்தம், ஸ்ட்ரிப்பில் தொட்டு, பஞ்சால் அழுத்தினால் முடிந்தது. மனிதருக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் சற்றுக் குறைத்தே காட்டும். அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ‘220 இருக்கிறதே’ என்று பாட்டி பதறுவார். பூனைக்கு அந்த எண் பயப்பட வேண்டியதல்ல. 100-க்கு இறக்கியே தீருவேன் என்று ஊசியை ஏற்றுவதுதான் விபரீதம். பூனை தள்ளாடினாலோ, சுருண்டு விழுந்தாலோ, வலிப்பு வந்தாலோ சர்க்கரை இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, தேனையோ குளுக்கோஸ் பொடிக் கரைசலையோ ஈறில் தடவியபடியே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வாயில் ஊற்றினால் புரையேறும்.

கோடையில் மின்சாரம் போய்ப்போய் வரும் ஊர்களில் மருந்தையும் காக்க வேண்டும். 2 முதல் 8 டிகிரி, உறையவிடக் கூடாது, உறைந்து உருகியது வீண்.

இவ்வளவுக்கும் பலன் உண்டா என்றால், மனிதருக்கு எளிதில் கிடைக்காத ஒன்று பூனைக்குக் கிடைக்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்து, மாவுச்சத்தைக் குறைத்து, இன்சுலினை ஒழுங்காகப் போட்ட பூனைகளில் ஒரு பகுதிக்குச் சில மாதங்களில் ஊசியே தேவைப்படாமல் போகிறது. சிலவற்றுக்கு நோய் திரும்புவதும் உண்டு. அதனால் தீனி பழையபடி மாறுவதில்லை, காதில் குத்திப் பார்ப்பது அவ்வப்போது தொடரும். எடையை மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். பூனையைத் தூக்கிக்கொண்டு ஒரு தரம், தனியாக ஒரு தரம் எடை மெஷினில் ஏறி நின்று கழித்துக்கொள்ளலாம்.