வயரைப் பாருங்க பாஸ்!

நாளைக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ. அண்ணன்கிட்ட இருந்து வந்த பழைய டெஸ்க்டாப்ல லினக்ஸ் போட்டு ஓட்டிட்டு இருக்கீங்க. ரெண்டு நாளா எந்த ஃபைலைத் தொட்டாலும் கம்ப்யூட்டர் உறையுது, பாட்டு திக்குது. 'ஹார்ட் டிஸ்க் போச்சு, புதுசு வாங்கிடுங்க'னு சர்வீஸ் கடைக்காரர் சொல்லிட்டார். பர்ஸைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் கொடுங்க.

முதல்ல ப்ராஜெக்டைப் பென் டிரைவ்ல ஏத்திடுங்க. ஆராய்ச்சி எல்லாம் அப்புறம்தான்!

டிஸ்க்ல இருந்து டேட்டா வர ரெண்டு வழி உண்டு. ஒண்ணு, பி.ஐ.ஓ. இதுல ப்ராசஸரே ஒவ்வொரு துணுக்கா சுமக்கணும். ஹாஸ்டல் மெஸ்ல மாஸ்டரே அடுப்பை விட்டுட்டு வந்து ஒவ்வொரு இட்லியா பரிமாறுற கதை. இன்னொண்ணு, டி.எம்.ஏ. ப்ராசஸர் ஆர்டர் மட்டும் போடும். டேட்டா நேரா ரேமுக்குப் போயிடும். பழைய ஐ.டி.இ. டிஸ்க்கில் பி.ஐ.ஓ. 4-ன் உச்சம் நொடிக்கு 16.7 எம்.பி. யூ.டி.எம்.ஏ. 100-க்கோ 100 எம்.பி!

2000-களின் தொடக்கத்தில் இதுக்கு ஒரு மந்திரம் இருந்தது. 'ஹெச்டிபார்ம்' கட்டளையோட மைனஸ் போட்டு, டெல்லியில வர்ற டி, அப்புறம் 1. டி.எம்.ஏ. ஆன்! பழைய குறிப்பைப் பார்த்து இப்பவும் அதை அடிச்சா எர்ரர்தான் வரும். அந்தப் பழைய ஐ.டி.இ. டிரைவரையே 2021-ல் வந்த கெர்னல் 5.14-ல் தூக்கிட்டாங்க. இப்போ வேகத்தை முடிவு பண்றது 'லிப்ஏடிஏ'. வழியில டேட்டா சிதைஞ்சா அது லிங்க்கை ரீசெட் பண்ணும். அப்பதான் கம்ப்யூட்டர் உறையுது. தப்பு தொடர்ந்தா வேகத்தைக் குறைக்கும். உங்க ஃபைலைக் காப்பாத்தத்தான் இவ்வளவும்.

சரி, குற்றவாளி யாரு?

* 'ஹெச்டிபார்ம்' கட்டளையோட மைனஸ், டைகர்ல வர்ற டி, டிஸ்க் பேர் போட்டு வேகத்தை அளங்க. டெஸ்க்டாப் சாட்டா டிஸ்க்னா பெரும்பாலும் நொடிக்கு 100 எம்.பி. பக்கம் வரணும். பத்துக்குள்ள நின்னா சந்தேகப்படுங்க.

* 'டிஎம்இஎஸ்ஜி' அடிச்சு கெர்னல் செய்திகளைப் படிங்க. 'லிமிட்டிங்'னு ஒரு வரி இருந்தா, வேகம் குறைக்கப்பட்டிருக்குனு அர்த்தம்.

* 'ஸ்மார்ட்சிடிஎல்' கட்டளையோட மைனஸ், பெரிய எழுத்து ஏ, டிஸ்க் பேர் போடுங்க. 199-ம் எண் வரியின் கடைசியில இருக்கிற எண்ணிக்கை ஏறிட்டே போனா, கை காட்டுறது கேபிளைத்தான். 5, 197 வரிகள்ல எண்ணிக்கை ஏறினா கடைக்காரர் சொன்னது நிஜம், டிஸ்க்கை மாத்துங்க.

கேபிள்தான்னு தெரிஞ்சா, கம்ப்யூட்டரை அணைச்சு, பவர் வயரை உருவிட்டு, வேற சாட்டா கேபிள் மாட்டுங்க. ரொம்பப் பழைய ஐ.டி.இ. டிஸ்க்கா? பட்டைக் கேபிள்ல 80 வயர் இருக்கணும். 40 வயர்னா யூ.டி.எம்.ஏ. 33-க்கு மேல ஏறாது. நீல நிற முனை மதர்போர்டுக்கு.

ஆன் பண்ணினதும் கெர்னல் புதுசா வேகம் பேசி முடிவு பண்ணும். 199-ன் பழைய எண்ணிக்கை அழியாது. அதுக்கு மேல ஏறலைன்னா ஜெயிச்சாச்சு.

மிச்சமான காசுல முதல்ல ஒரு பேக்கப் டிஸ்க். ட்ரீட் எல்லாம் ரிவ்யூ முடிஞ்சப்புறம்!