நாயின் கழுத்துக் கூம்பைக் கழற்றிவிடலாமா?

''எங்கள் தோட்டத்துப் பெட்டை நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்து, கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டி அனுப்பினார்கள். நேற்றிலிருந்து தட்டில் வாய் வைக்க மாட்டேன் என்கிறது. நிலைப்படியில் முட்டிக்கொண்டு அப்படியே நிற்கிறது. பார்க்கவே பாவமாக இருக்கிறது. கழற்றிவிடலாமா?'' என்று கேட்கிறார் கரூர் மாவட்ட வாசகி ஒருவர்.

கழற்ற வேண்டாம். தையல் பிரிக்கும் வரை, அதாவது 10 முதல் 14 நாள்கள் அது இருந்தாக வேண்டும். பெட்டை நாய்க்குச் செய்யும் கருத்தடை, வயிற்றைத் திறந்து செய்யும் பெரிய ஆபரேஷன். புண் ஆறத் தொடங்கும்போது அரிப்பெடுக்கும். நாய் முதலில் நக்கும். பிறகு முன்பல்லால் நூலைக் கடித்து இழுக்கும். வீட்டில் எல்லோரும் தூங்கும் ஒரு ராத்திரி போதும். உள்தையலும் விட்டுப்போனால் குடல் வெளியே வந்துவிடும். 'நாய் நக்கினால் புண் ஆறும்' என்று ஊரில் சொல்வது தையல் போட்ட புண்ணுக்குப் பொருந்தாது. அதன் வாயிலுள்ள கிருமிகள் புண்ணில் சீழ் வைக்கும்.

நாய் சாப்பிடாததற்குக் காரணம் பெரும்பாலும் தட்டுதான். வாய் சோற்றைத் தொடும் முன்பே கூம்பின் விளிம்பு தரையில் இடித்துவிடுகிறது. கூம்பின் வாய்க்குள் அடங்கும் சிறிய கிண்ணமாக எடுத்து, இரண்டு செங்கல்லை அடுக்கி அதன்மேல் வையுங்கள். தண்ணீரும் அப்படியே. அதற்கும் மசியவில்லை என்றால், ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கூம்பைக் கழற்றிச் சோறு வைத்து, தின்று முடித்த கையோடு மாட்டிவிட வேண்டும். 'கொஞ்ச நேரம் காற்றாட இருக்கட்டும்' என்று விட்டுவிட்டு மாட்டைப் பிடித்துக்கட்டப் போவதில்தான் வினையே வருகிறது. மயக்க மருந்தால் முதல் நாள் தீனி குறைவது வழக்கம். இரண்டாம் நாளும் எதையும் தொடாமல் சோர்ந்து படுத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கூம்பின் அளவையும் ஒருமுறை பாருங்கள். கழுத்துக்கும் பட்டைக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் நாய் வளைந்து புண்ணை எட்டிவிடும்.

கூம்பு போட்ட நாய்க்குப் பக்கவாட்டில் கண் தெரியாது. பின்னாலிருந்து திடீரென்று தொட்டால் சாதுவான நாயும் கடிக்கலாம். முன்னால் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத் தொடும்படி பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். தோட்டத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருந்தால், இந்த இரண்டு வாரமும் நாயை அவிழ்த்துவிடவே கூடாது. நிழலான, காற்று வரும் இடத்தில் கட்டுங்கள். நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. வெயிலில் கூம்போடு நிறுத்தினால் தாங்காது. காதைச் சொறிய முடியாது என்பதால், தினமும் கூம்பைத் துடைக்கும்போதே கழுத்தில் உண்ணி இருக்கிறதா, தோல் உரசிப் புண்ணாகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

வயிற்றுத் தையலுக்கு மட்டும், மருத்துவர் சம்மதித்தால், பழைய பருத்தி பனியனை மாட்டி முதுகில் முடிந்துவிடலாம். சிறுநீர் கழிக்க இடம் விட்டுக் கட்ட வேண்டும். நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். பனியனைக் கிழித்துத் தின்னும் நாய்க்குக் கூம்புதான் கதி.

தையல்மேல் மஞ்சள், வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய் என்று எதையும் தடவாதீர்கள். குளிப்பாட்டவும் வேண்டாம். வலிக்குமே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுப்பது ஆபத்து. நாயின் கல்லீரலைக் கெடுத்துவிடும். முதல் ஓரிரு நாள் லேசான சிவப்பும் வீக்கமும் இருக்கும். வீக்கம் கூடினாலோ, சீழோ நாற்றமோ வந்தாலோ, ரத்தம் சொட்டினாலோ, ஈ மொய்த்துப் புழு தென்பட்டாலோ, அன்றைக்கே தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

தையல் பிரித்த பிறகு, கூம்பைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்துப் பரணில் போட்டுவையுங்கள். பக்கத்துத் தோட்டத்து நாய்க்கும் ஆகும்.