கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷ் தெரியுமாக்கும்?

போன வாரம் கணியூர் போயிருந்தேன். பெரியப்பா பல வருஷமா நோட்டுல எழுதி வெச்ச ஊர்க்கதையை அங்க ஒரு டிடிபி கடையில் டைப் பண்ணக் கொடுத்திருந்தார். ஃபைலை வாங்கிட்டு வந்து லேப்டாப்பில் திறந்தா, ஒரு எழுத்துகூட தமிழில்லை. பூரா இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனும். திரும்பப் போய்க் கேட்டா கடைக்கார அண்ணன் சொல்றார், "கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷ்தானுங்க தம்பி தெரியும். தமிழ் எல்லாம் சும்மா ஃபான்ட்டு."

அவர் மேல கோபமில்லை. பி.இ. படிச்ச நம்மாளுங்களே இதைத்தானே சொல்றாங்க! அதுக்குத்தான் இந்தப் பதிவு.

மக்களே, கீபோர்டுக்கு எந்த பாஷையும் தெரியாது. கீகளுக்கு அடியில், தறியில பாவும் ஊடையும் மாதிரி குறுக்கும் நெடுக்குமா மின்தடங்கள் ஓடும். ஒரு கீயை அழுத்தினா ஒரு குறுக்குத் தடமும் ஒரு நெடுக்குத் தடமும் தொட்டுக்கும். எங்கே தொட்டதுன்னு உள்ளே இருக்கிற சின்ன சிப் கண்டுபிடிச்சு ஒரு எண்ணை அனுப்பும். யுஎஸ்பி கீபோர்டில் 'எஃப்' கீயோட எண் 9. பைனரியில் 00001001. அவ்வளவுதான். அது 'எஃப்'பா, தமிழ்99-ல வர்ற புள்ளியான்னு முடிவு பண்றது மென்பொருள்.

அப்ப தப்பு எங்கே? பாமினியில் 'க' அடிச்சா சேமிக்கப்படுறது 102, அதாவது இங்கிலீஷ் 'எஃப்'. 01100110. அதுக்கு மேல 'க' படத்தைப் போர்த்தியிருக்காங்க. போர்வையை உருவினா தமிழ் காலி. யூனிகோடில் 'க'வுக்குன்னு சொந்த எண் இருக்கு: 2965. பைனரியில் 101110010101. ஃபான்ட் மாறினாலும் 'க' 'க'தான்.

இந்த இடம் தமிழுக்கு 1991-லேயே, யூனிகோடோட முதல் பதிப்பிலேயே கிடைச்சாச்சு. தமிழ்நாடு அரசும் 2010-ல் யூனிகோடை ஏத்துக்கிட்டு ஆணை போட்டாச்சு. இன்னும் என்ன தயக்கம்?

"பழைய பேஜ்மேக்கர்ல யூனிகோடு வராதுங்க"ன்னு சொல்வாங்க. நியாயம்தான். அச்சுக்குப் போற காப்பி எதுல வேணா இருக்கட்டும். பத்திரமா வைக்கிற காப்பி யூனிகோடில் இருக்கட்டும். இலவசமா மாத்திக் கொடுக்க எத்தனையோ கருவிகள் கிடக்கு.

பெரியப்பா ஃபைலை அப்படித்தான் மாத்தினேன். முன்னாடி அதுல 'கணியூர்'னு தேடினா ஒண்ணும் சிக்கலை. இப்ப பக்கத்துக்குப் பக்கம் கணியூர்.

உங்க ஊர் டிடிபி கடையிலும் யாரோ ஒரு பெரியப்பாவோட எழுத்து போர்வைக்குள்ள கிடக்கும். பின்னூட்டத்துல கும்மி அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க.