கணக்கு முடக்கமும் படைப்பாளரின் தற்காப்பும்

2023ஆம் ஆண்டின் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில், தன் விதிகளை மீறியதாகக் கூறி யூடியூப் நிறுவனம் உலகெங்கும் ஏறத்தாழ 90 லட்சம் காணொளிகளை நீக்கியது. அவற்றுள் 22 லட்சத்துக்கும் மேற்பட்டவை இந்தியாவிலிருந்து பதிவேற்றப்பட்டவை என்பதால், நாடுகளின் வரிசையில் இந்தியாவே முதலிடத்தில் நின்றது. நீக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பங்கைத் தானியங்கி மென்பொருள்களே முதலில் கண்டுபிடித்தன. இத்தகைய எண்களைக் கண்டு, இந்தியப் படைப்பாளர்கள் பொறுப்பற்றவர்கள் என்று முடிவுகட்டுவோரும் உண்டு. அரசும் நிறுவனமும் கைகோத்துக் குரல்வளையை நெரிக்கின்றன என்போரும் உண்டு. இரு தரப்பினரும் கவனிக்கத் தவறுவது, ஒரு சேனல் எவ்வாறு மூடப்படுகிறது என்னும் நடைமுறையை. மிகக் கடுமையான மீறல்களைத் தவிர்த்துப் பார்த்தால், எச்சரிக்கை, கால வரையறை, முறையீட்டுக்கான கெடு எனப் பல படிகளைக் கடந்த பிறகே முடக்கம் நிகழ்கிறது. அந்தப் படிகளை அறிந்து, உரிய நேரத்தில், உரிய இடத்தில், ஆதாரத்தோடு தன் தரப்பை வைக்கும் படைப்பாளருக்குப் பாதுகாப்பு கூடுதல். சர்ச்சைக்குரிய பொருளையே தொடாமல் அஞ்சி ஒதுங்குபவருக்கு அத்தகைய பாதுகாப்பு தானாக அமைந்துவிடுவதில்லை.

முதலில் தெளிவுபட வேண்டியது, ஒரு காணொளியின் மீது மூன்று வெவ்வேறு நடவடிக்கைகள் பாயக்கூடும் என்பதும், அவற்றின் விளைவுகள் ஒன்றல்ல என்பதுமாகும். படைப்பாளர்கள் பேச்சுவழக்கில் 'யெல்லோ டாலர்' என்று குறிப்பிடும் மஞ்சள் அடையாளம், அந்தக் காணொளி எல்லா விளம்பரதாரருக்கும் ஏற்றதன்று என்பதை மட்டுமே குறிக்கிறது. அதனால் வருவாய் குறையும், சேனலுக்கு ஆபத்தில்லை. சமூக வழிகாட்டுதல்களை, அதாவது வன்முறை, வெறுப்புப் பேச்சு, சிறார் பாதுகாப்பு, மோசடி முதலியவை பற்றி நிறுவனம் தானே வகுத்துக்கொண்ட விதிகளை மீறுவது இரண்டாவது வகை. இதில் முதல் மீறலுக்குப் பெரும்பாலும் எச்சரிக்கை மட்டுமே வரும். அதன்பின் வரும் முதல் 'ஸ்ட்ரைக்' ஒரு வாரத்துக்கும், 90 நாள்களுக்குள் வரும் இரண்டாவது இரண்டு வாரங்களுக்கும் பதிவேற்றத்தைத் தடுத்துவிட, அதே 90 நாள்களுக்குள் மூன்றாவதும் வந்தால் சேனல் மூடப்படுகிறது. பதற்றத்தில் அந்தக் காணொளியை அழித்துவிட்டால் ஸ்ட்ரைக்கும் நீங்கிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உண்மையில் ஸ்ட்ரைக் அப்படியே இருக்கும். எச்சரிக்கை வந்த நிலையில் நிறுவனம் வழங்கும் குறுகிய பயிற்சியை முடித்து, அடுத்த 90 நாள்கள் அதே விதியை மீறாதிருந்தால் அந்த எச்சரிக்கை நீங்குகிறது என்ற வசதி 2023 முதல் நடைமுறையில் இருந்தும், அதைப் பொருட்படுத்தாமல் விடுவோர் பலர்.

மூன்றாவது வகையான பதிப்புரிமைப் புகாரே தமிழ்ச் சேனல்களை அதிகம் குழப்புவது. அதன் வேர் அமெரிக்கச் சட்டத்தில் இருப்பதே அதற்கு முதன்மைக் காரணம். 1998இல் இயற்றப்பட்ட அமெரிக்க எண்ணிமப் பதிப்புரிமைச் சட்டம், பயனர்கள் செய்யும் மீறலுக்குத் தளம் பொறுப்பாகாது என்ற பாதுகாப்பை வழங்கியபோது, புகார் வந்தவுடன் உள்ளடக்கத்தை நீக்க வேண்டும், மீண்டும் மீண்டும் மீறுவோரின் கணக்கை மூடும் கொள்கை வேண்டும் என்ற நிபந்தனைகளையும் சேர்த்தே விதித்தது. பதிப்புரிமையிலும் மூன்று ஸ்ட்ரைக்குக்குச் சேனலை மூடும் விதி இந்த நிபந்தனையிலிருந்து பிறந்ததே. ஆகவே புகார் வரும்போது தளம் நீதிபதியாக அமர்ந்து இரு தரப்பையும் எடைபோடுவதைவிட, தன் சட்டப் பாதுகாப்பை இழக்காதிருப்பதிலேயே குறியாக இருப்பது இயல்பு.

இதனுள்ளும் 'க்ளைம்', 'ஸ்ட்ரைக்' என இரண்டு உண்டு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால் விளையும் கேடு பெரிது. உரிமையாளர்கள் அளித்துள்ள பாடல், காட்சி மாதிரிகளோடு ஒவ்வொரு பதிவேற்றத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் 'கன்டென்ட் ஐடி' என்ற தானியங்கி அமைப்பு 2007 முதல் இயங்குகிறது. அது எழுப்புவது க்ளைம். ஒரு திரைப்பாடலின் ஒலிப்பதிவு ஒரு நிறுவனத்திடமும், மெட்டின் உரிமை இன்னொருவரிடமும் இருக்கக்கூடுமாதலால், திருமணக் காணொளியின் பின்னணியில் ஒலித்த ஒரே பாடலுக்கு இரண்டு க்ளைம்கள் வருவதும் உண்டு. பெரும்பாலும் அதன் விளைவு அந்தக் காணொளியின் வருவாய் உரிமையாளருக்குப் போவதோடு முடிந்துவிடும். பாடல் ஒலிக்கும் பகுதியை வெட்டவோ, ஒலியை நீக்கவோ, வேறு இசையால் மாற்றவோ யூடியூப் ஸ்டுடியோவிலேயே வழியிருக்கிறது. க்ளைம் தவறென்று கருதினால் மறுப்புத் தெரிவிக்கலாம்; அதற்குப் பதிலளிக்க உரிமையாளருக்கு 30 நாள் அவகாசம் உண்டு; அவர் மறுப்பை நிராகரித்தால் மேல்முறையீடு செய்யலாம். மறுப்புக்கோ மேல்முறையீட்டுக்கோ பின்னும் உரிமையாளர் விடாப்பிடியாக நீக்கக் கோரிக்கை அனுப்பினால், ஸ்ட்ரைக் விழக்கூடும். கையில் உரிமமோ சட்டப்படியான காரணமோ இல்லாமல், வருவாய் போகிறதே என்ற ஆத்திரத்தில் எல்லா க்ளைம்களையும் மறுப்பவர், தீங்கற்ற ஒன்றைத் தாமே ஸ்ட்ரைக்காக வளர்த்துக்கொள்கிறார்.

ஏழு நொடிக்குள் இருந்தால் குற்றமில்லை, பாடலின் சுருதியை மாற்றினால் போதும், பதிப்புரிமையை மீறும் நோக்கம் இல்லை என்று விளக்கக் குறிப்பில் ஒரு வரி எழுதிவிட்டால் காப்பு என்றெல்லாம் உலவும் நம்பிக்கைகளுக்குச் சட்டத்தில் எந்த ஆதாரமும் இல்லை. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, விமர்சனம், மதிப்புரை, நடப்பு நிகழ்வுகளைத் தெரிவித்தல் ஆகியவற்றுக்காகப் பிறர் படைப்பை நியாயமான அளவில் கையாள இடமளிக்கிறது. ஆனால் அந்த நியாயத்தை நொடிக்கணக்கில் அது வரையறுக்கவில்லை. எடுத்தாளப்பட்ட பகுதி விமர்சனத்துக்குத் தேவையானதா, அல்லது மூலப் படைப்பைப் பார்க்க வேண்டிய அவசியத்தையே அது இல்லாமல் ஆக்கிவிடுகிறதா என்பதே கேள்வி. ஒரு திரைப்பட விமர்சகர் ஒரு காட்சியின் ஒளியமைப்பைப் பற்றிப் பேசும்போது அந்தக் காட்சியைக் காட்டுவதற்கும், பேச்சு ஓடிக்கொண்டிருக்கப் பின்னணியில் படத்தின் சண்டைக் காட்சிகளை ஓடவிடுவதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் பொருள்படுகிறது.

இந்த வேறுபாட்டைத் தளத்தின் இயந்திரம் அறியாது. புகார் அளிப்பவர் அறிந்தும் பொருட்படுத்தாமல் இருக்கலாம். 2025 மே மாதத்தில் மோகக் மங்கள் என்ற யூடியூபர், சில நொடிக் காட்சிகளைப் பயன்படுத்தியதற்காகத் தன் சேனலுக்கு ஸ்ட்ரைக் கொடுத்த ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம், அந்த ஸ்ட்ரைக்கை விலக்கிக்கொள்ளப் பல லட்சம் ரூபாய் உரிமக் கட்டணம் கேட்டதாகப் பகிரங்கமாகக் குற்றம்சாட்டினார். தன் உரிமையைச் சட்டப்படியே பாதுகாப்பதாகக் கூறிய நிறுவனம் தில்லி உயர்நீதிமன்றத்தில் அவதூறு வழக்குத் தொடுத்தது. அந்த வழக்கின் நியாயம் எந்தப் பக்கம் இருந்தாலும், மூன்று ஸ்ட்ரைக் என்ற விதி, பேரம் பேசும் வலிமை முழுவதையும் புகார்தாரரின் கையில் வைத்துவிடுகிறது என்பதை மறுக்க முடியாது. புதிய படங்களுக்கு முதல் மூன்று நாள்கள் இணைய விமர்சனமே கூடாது என்று தயாரிப்பாளர்கள் தரப்பு தொடுத்த வழக்கில் இடைக்காலத் தடை விதிக்கச் சென்னை உயர்நீதிமன்றம் 2024 டிசம்பரில் மறுத்துவிட்டது. நீதிமன்றம் தர மறுத்ததை, விமர்சனக் காணொளியிலுள்ள இரண்டு காட்சித் துணுக்குகளைச் சுட்டி ஒரு புகார்ப் படிவத்தால் பெற்றுவிட முடியும் என்பதே இன்றைய நிலை.

பதிப்புரிமை ஸ்ட்ரைக் தவறென்று உறுதியாக நம்பும் படைப்பாளர் எதிர் அறிவிப்பு அனுப்பலாம். அதைப் பெற்ற புகார்தாரர் பத்து வேலைநாள்களுக்குள் தாம் வழக்குத் தொடுத்ததற்குச் சான்று காட்டாவிட்டால் காணொளி திரும்ப வரும். ஆனால் அந்த அறிவிப்பில் தரப்படும் உண்மைப் பெயரும் முகவரியும் புகார்தாரருக்குப் போய்ச் சேரும் என்பதை, புனைபெயரில் அரசியல் பேசுவோர் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்திலும் இதையொத்த ஏற்பாடு இருக்கிறது: புகாரின் பேரில் நீக்கப்பட்டதற்கு 21 நாள்களுக்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால், தளம் அதை மீண்டும் அனுமதிக்கலாம். ஆதாரமின்றி வழக்கு மிரட்டல் விடுப்பவர் மீது நிவாரணம் கோர 60ஆம் பிரிவும் இருக்கிறது.

சமூக வழிகாட்டுதல்களின் பக்கம் திரும்பினால், அங்கே முதன்மையான சிக்கல் சூழல் பற்றியது. வன்முறையைக் காட்டும் காட்சியும் அந்த வன்முறையைக் கண்டிக்கும் செய்தியும் மென்பொருளின் பார்வையில் நெருங்கிய உறவினர்கள். இன்ஸ்டாகிராம் 2020இல் பிரேசில் நாட்டில் மார்பகப் புற்றுநோயின் அறிகுறிகளை விளக்கிய பதிவொன்றை நிர்வாணப் படமெனக் கருதித் தானியங்கி முறையில் நீக்கியது. மெட்டா நிறுவனத்தின் முடிவுகளை மீளாய்வு செய்யும் மேற்பார்வை வாரியம் 2021 ஜனவரியில் அந்த நீக்கம் தவறென்று தீர்ப்பளித்தது. பெருந்தொற்றுக் காலத்தில் மனிதப் பரிசீலகர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டு இயந்திரங்களிடம் பொறுப்பு விடப்பட்டபோது, 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை யூடியூப் 1.14 கோடி காணொளிகளை நீக்கியது. மேல்முறையீடு வந்தவை சுமார் 3.25 லட்சம்; அவற்றில் ஏறத்தாழப் பாதி திரும்ப அனுமதிக்கப்பட்டன. முறையிட்டவர்களில் இருவருக்கு ஒருவர் வென்றார் என்பதையும், முறையிடாதவர்களே மிகப் பலர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கல்வி, ஆவணம், அறிவியல், கலை ஆகிய நோக்கங்களுக்கு யூடியூப் விதிவிலக்கு அளிக்கிறது. அந்த நோக்கம் படைப்பாளரின் மனத்தில் இருந்தால் மட்டும் போதாது. காணொளிக்குள்ளேயே, தலைப்பிலும் விளக்கத்திலும், அது புலப்பட வேண்டும். குற்றச் செய்தியைச் சொல்லும் சேனல்கள் கொலை, தற்கொலை போன்ற சொற்களின் நடு எழுத்தை உடுக்குறியால் மறைக்கும் பழக்கம் தமிழிலும் வேரூன்றிவிட்டது. சிதைந்த உடலின் படத்தை முகப்பில் வைத்துவிட்டுச் சொல்லை மட்டும் மறைப்பது, நாடகத்தில் திரையைப் பாதி இழுத்த கதைதான். சம்பவத்தை யார், எதற்காக, எந்த ஆதாரத்தின் பேரில் விளக்குகிறார் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது பரிசீலிக்க வரும் மனிதருக்கு அதைவிட உதவும்.

ஆயினும் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அறிய முடியாத விதிகள் உள்ளன. மெட்டாவின் ஆபத்தான அமைப்புகள் பட்டியல் 2021இல் ஊடகத்தில் கசிந்தபோது அதில் விடுதலைப் புலிகள் இயக்கமும் இடம்பெற்றிருந்தது தெரியவந்தது. மாவீரர் நாளையொட்டிய பதிவுகள் ஆண்டுதோறும் நீக்கப்படுவதாக ஈழத்தமிழர் கூறிவரும் குறையை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். போற்றுவதற்கும் நினைவுகூர்வதற்கும், வரலாறாக விவாதிப்பதற்கும் இடையிலான கோட்டை நிறுவனம் தன் விருப்பப்படி வரைகிறது. குர்து தலைவர் ஓஜலானின் தனிமைச் சிறை பற்றிய பதிவொன்று நீக்கப்பட்ட விவகாரத்திலோ, அத்தகைய விவாதத்தை அனுமதிக்கும் உள்வழிகாட்டுதல் ஒன்று மூன்றாண்டுகளாகத் தொலைந்துபோயிருந்ததை மெட்டாவே ஒப்புக்கொண்டது. இலங்கையின் பொருளாதார நெருக்கடியின்போது மருந்து நன்கொடை கேட்ட மருத்துவத் தொழிற்சங்கப் பதிவொன்று, எழுதப்பட்ட விதிக்கு முரணாயினும் விதியின் உட்கருத்துக்கு ஒத்தது என்று விட்டுவைக்கப்பட்டது. இத்தகைய விலக்கு இருப்பதைப் பயனர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று மேற்பார்வை வாரியம் 2023இல் சொல்ல வேண்டியிருந்தது.

தளத்தின் விதியோடு நாட்டின் சட்டமும் சேர்ந்துகொள்ளும் இடங்களில் ஆபத்து கணக்கோடு நிற்பதில்லை. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை விளம்பரப்படுத்துவோருக்கு 2025ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டாண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க வழிசெய்கிறது. ரம்மி விளம்பரத்தால் வளர்ந்த பல சேனல்களின் பழைய காணொளிகளில் அந்த விளையாட்டுகளுக்கான இணைப்புகள் இன்னமும் கிடக்கக்கூடும். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம்.

படைப்பாளர்கள் அதிகம் பயன்படுத்தாத தற்காப்பு 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப இடையீட்டாளர் விதிகளில் இருக்கிறது. 50 லட்சத்துக்கு மேல் பதிவுபெற்ற பயனர்கள் உள்ள தளம், தானாக முன்வந்து ஓர் உள்ளடக்கத்தை நீக்கும்போது, நீக்குவதற்கு முன்பே காரணத்தைப் பயனருக்குத் தெரிவித்து, மறுக்கவும் போதிய வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது 4(8)ஆம் விதி. தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் புகாரைப் பெற்ற 24 மணி நேரத்தில் அது கிடைத்ததாகத் தெரிவித்து, 7 நாளில் தீர்க்க வேண்டும். அவர் முடிவு நிறைவளிக்காவிட்டால், 2023இல் அமைக்கப்பட்ட குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவிடம் 30 நாள்களுக்குள் இணையவழியே முறையிடலாம். அரசே நியமிக்கும் குழு என்பதால் அதன் நடுநிலை குறித்த ஐயம் நியாயமானதுதான், குறிப்பாக அரசை விமர்சிக்கும் சேனல்களுக்கு. எனினும் தவறான தானியங்கி நீக்கத்தைப் போன்ற அரசியல் சாராத வழக்குகளில் அதைப் புறக்கணிப்பதற்குக் காரணம் இல்லை. இந்த முறையீடுகளுக்குத் தேவையான மூலக் கோப்பு, உரிமச் சான்று, நீக்க அறிவிப்பு மின்னஞ்சல், தேதியிட்ட திரைப்பிடிப்பு ஆகியவற்றைத் தளத்துக்கு வெளியே சேமித்து வைப்பது அவசியம். சேனல் மூடப்பட்டபின் அவற்றைத் தளத்திலிருந்து எடுப்பது கடினமாகலாம். வேறொரு பெயரில் புதிய சேனல் தொடங்குவதும் விதிமீறலாகவே கொள்ளப்பட்டு, தொடர்புடைய எல்லாச் சேனல்களும் மூடப்படலாம். மூடப்பட்டு ஓராண்டு கழிந்தோர் புதிய சேனலுக்கு முறைப்படி விண்ணப்பிக்க யூடியூப் 2025 அக்டோபரில் ஒரு வழியைத் திறந்தது; பதிப்புரிமை மீறலுக்காக மூடப்பட்டவர்களுக்கு அந்த வழியும் இல்லை.