ஸ்டிக்கரை உரித்த பிறகு தெரியும் நிழல்



பதிவு கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் பேசுகிறவன் நான் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

வெளிநாட்டில் இருக்கும் என் மாணவர்களில் மூன்று நான்கு பேர் பழைய மோட்டார் ஹோம் வாங்கியிருப்பதைப் படங்களில் பார்த்தேன். நானும் இரண்டு மாதமாக அரிசோனாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். மாப்பிள்ளை வாங்கிய 2003 மாடல் வண்டியோடுதான் என் பகல் பொழுது போகிறது. அதனால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. வெடித்துப்போன ஸ்டிக்கரைப் பொறுமையாக உரியுங்கள். உரித்த பிறகு தெரியும் நிழலை அழிக்கிறேன் என்று வண்டியின் தோலைத் தேய்த்துத் தீர்க்காதீர்கள். பளபளப்புக்காகத் தரை பாலிஷை மட்டும் பூசவே பூசாதீர்கள்.

ஊரில் இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. மோட்டார் ஹோம் என்பது படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் பஸ் அளவு வண்டி. அயோவா மாநிலத்தில் ஃபாரஸ்ட் சிட்டி என்ற சின்ன ஊரில் இருந்து வரும் வின்னபேகோ வண்டிகள் இதில் பெயர் பெற்றவை. இங்கே குவார்ட்ஸ்சைட் என்ற பாலைவன ஊருக்குக் குளிர்காலத்தில் இப்படிப்பட்ட வண்டிகள் திருவிழாவுக்கு வருவது போல வந்து குவிகின்றன. இருபது வருஷம் முந்தைய வண்டி என்றால் பக்கவாட்டில் அலை அலையாக, சுழி சுழியாகப் பெரிய பெரிய ஸ்டிக்கர் இருக்கும். நம் ஊர் ஆம்னி பஸ்காரர்களுக்கும் அந்த ரசனை உண்டு, குறை சொல்ல மாட்டேன்.

அந்த ஸ்டிக்கர் வினைல் என்னும் பிளாஸ்டிக். இயல்பில் விறைப்பான பொருளை வளையவைக்க அதில் ஒரு மென்மையூட்டியைச் சேர்க்கிறார்கள். வெயிலில் அது மெல்ல மெல்ல வெளியேறிவிடுகிறது. மிச்சம் இருப்பது காய்ந்த குளத்து மண் மாதிரி வெடிக்கிறது. எங்கள் வண்டி வருஷக்கணக்கில் ஒரே திசையில் நின்றிருக்கிறது. தெற்குப் பக்கம் முழுவதும் வெடிப்பு. வடக்குப் பக்கத்து ஸ்டிக்கர் இன்னும் ஒரே துண்டாக உரிந்து வருகிறது.

ஸ்டிக்கருக்கு அடியில் இருப்பது பெயின்ட் இல்லை. பெரும்பாலான பழைய வண்டிகளில் ஃபைபர் கிளாஸ் பலகையின் மேல் ஜெல்கோட் என்று நிறமூட்டிய பிசின் படலம் இருக்கும். கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர், சில இடங்களில் அதற்கும் குறைவு. புற ஊதாக் கதிர் இந்தப் பிசினை மேலிருந்து சிதைக்கும்போது உள்ளே இருந்த வெள்ளை நிறமி தூளாக வெளியே வருகிறது. சாய்ந்து நின்றால் சட்டையில் ஒட்டிக்கொள்ளும். முப்பத்து நான்கு வருஷம் சாக்பீஸ் தூளோடு வாழ்ந்தவனுக்கு இது ஒன்றும் புதிதில்லை.

உரிப்பதற்கு வேண்டியவை அதிகமில்லை. தலைமுடி காய வைக்கும் டிரையர் போதும். பெயின்ட் உரிக்கும் ஹீட் கன்னைப் புதிதாகப் பிடிப்பவர்கள் ஜெல்கோட்டைக் கொப்பளிக்க வைத்துவிடுவார்கள். கை வைத்தால் சூடு தெரிய வேண்டும், சுடக்கூடாது. ஓரத்தைப் பிளாஸ்டிக் பிளேடால் கிளப்பி, ஸ்டிக்கரை அதன் மேலேயே மடித்தாற்போல் படுக்கையாக இழுக்க வேண்டும். நேராக வெளியே இழுத்தால் பசை வண்டியில் தங்கும், பிளாஸ்டிக் மட்டும் கையோடு வரும். வெடித்த பக்கத்தில் இந்த வித்தையெல்லாம் பலிக்காது, நகக்கண் அளவு சில்லுகளாகத்தான் வரும். முதல் நாள் நான்கு மணி நேரத்தில் எங்களுக்கு ஆறு அடி நீளக் கோடு ஒன்றுதான் தீர்ந்தது. துளையிடும் மெஷினில் மாட்டும் ரப்பர் சக்கரம் ஒன்று உண்டு. வேலை வேகமாக நடக்கும். ஆனால் ஒரே இடத்தில் நிறுத்தினால் சூட்டில் தடம் விழும், நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

மிச்சப் பசைக்கு ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் செய்த திரவம் கிடைக்கிறது. ஒத்த இயல்புள்ளது ஒத்த இயல்புள்ளதைக் கரைக்கும் என்று பத்தாம் வகுப்பில் சொன்னது நினைவிருக்கிறதா? சமையலறையில் பாத்திரத்து லேபிள் பசையைத் தேங்காய் எண்ணெய் எடுப்பதும் இதனால்தான். கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கும் போய்விடும். அசிட்டோனை பிளாஸ்டிக் ஜன்னல், விளக்கு மூடி பக்கமே கொண்டுபோகாதீர்கள். எதையும் முதலில் கண்ணில் படாத மூலையில் சோதித்துப் பாருங்கள். படங்கள் ஸ்டிக்கராக இல்லாமல் பெயின்டாகவே இருந்து, மேலே தெளிவான கோட் அடித்த வண்டி என்றால் உரிப்பதற்கு எதுவும் இல்லை, விட்டுவிடுங்கள்.

இனிதான் விவகாரம். ஸ்டிக்கர் போன இடத்தில் அதே வடிவில் ஒரு நிழல் நிற்கும். பார்த்ததும் மனசு கெட்டுப்போகும். உடனே உப்புத்தாளை எடுத்து அந்த நிழலைத் தேய்க்கிறார்கள். கொஞ்சம் யோசியுங்கள். ஸ்டிக்கர் அந்த இடத்தை இருபது வருஷம் வெயிலில் இருந்து காத்திருக்கிறது. வண்டியில் நல்ல நிலையில் இருப்பது அந்த நிழல்தான், கெட்டுப்போனது சுற்றிலும் உள்ள பரப்பு. சிகிச்சை சுற்றுப்புறத்துக்கு. முதலில் காம்பவுண்ட் போட்டுப் பாருங்கள், பெரும்பகுதி அதிலேயே சரியாகிவிடும். போதவில்லை என்றால் மட்டும் தண்ணீர் விட்டு 1000, 1500, 2000 என்று வரிசையாக நைசான தாள், பிறகு காம்பவுண்ட், பாலிஷ், மெழுகு. ஓரங்களிலும் மடிப்புகளிலும் படலம் இன்னும் மெல்லிசு, அங்கே மெஷினை அழுத்தாதீர்கள். இத்தனைக்குப் பிறகும் மெல்லிய நிழல் தெரிந்தால் தெரியட்டும். அரை மில்லிமீட்டர் போய்விட்டால் அடியில் கண்ணாடி நார்தான். அதற்குப் பிறகு பெயின்ட் கடைதான் வழி. இங்கே ஒரு கடையில் சொன்ன தொகைக்கு நம் ஊரில் பழைய மாருதி ஒன்று வாங்கலாம்.

மாப்பிள்ளைக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. "நாளைக்கு விற்கும்போது விலை குறையும் மாமா" என்கிறார். நியாயமான பேச்சுதான். அதற்கு நான் சொன்ன வழி, நிழலின் மேல் ஒரே நிறத்தில் அகலமான நேர்க்கோடு ஒன்று புதிதாக ஒட்டிவிடுவது. ஆனால் பழைய ஸ்டிக்கரை எடுக்காமல் அதன் மேலேயே புதிதை ஒட்டக் கூடாது. அடியில் உள்ள வெடிப்பு அப்படியே மேலே எழும்பித் தெரியும்.

தரை பாலிஷ் யோசனை மாப்பிள்ளையின் நண்பர் ஒருவருடையது. கழுவி, துணியால் நான்கைந்து கை பூசினால் போதும், சாயங்காலத்துக்குள் வண்டி கண்ணாடி போல மின்னும். மின்னுகிறது, மறுக்கவில்லை. நான் நேரிலேயே பார்த்தேன். ஆனால் அது வீட்டுக்குள் தரைக்குப் போடும் அக்ரிலிக் படலம். பாலைவன வெயிலைத் தாங்க அதைச் செய்யவில்லை. நாளாக நாளாக மஞ்சளித்து, பொருக்குப் பொருக்காகக் கிளம்பும். பிறகு அம்மோனியா கலந்த திரவம் போட்டு அங்குலம் அங்குலமாகக் கழுவி எடுக்க வேண்டும். நோய் போன தூள் பரப்பைச் சரிசெய்யாமல் மேலே கண்ணாடித் தாள் ஒட்டுகிற வேலை இது. தன் வண்டிக்குத் தெரிந்தே பூசிக்கொள்பவரை நான் தடுக்க மாட்டேன். விற்பதற்கு முதல் வாரம் பூசுகிறார்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. வாங்குகிறவர் ஓய்வுக்காலச் சேமிப்பைப் போட்டு வாங்குபவராகவும் இருக்கலாம்.

ஏணி விஷயம் ஒன்று. இந்த வண்டிகள் 12 அடி உயரம் வரும். மேல் வரிசை மாப்பிள்ளை, கீழ் வரிசை நான் என்று மகள் சட்டம் போட்டிருக்கிறாள். என் வயதில் உள்ள உறவினர்கள் யாரும் வீரம் காட்ட வேண்டாம். தாள் போட்டுத் தேய்க்கும்போது முகக்கவசம் அவசியம். வேலை முடிந்ததும் மெழுகு. இந்த வெயிலில் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது போட வேண்டும். முடிந்தால் நிழலில் நிறுத்துங்கள்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் ஒரு கறுப்புத் துணி கொண்டுபோங்கள். தெற்கு வெயில் பட்ட பக்கத்தை அழுத்தித் துடையுங்கள். வெள்ளைத் தூள் வந்தால் பயப்பட வேண்டாம், அது உழைப்பால் சரியாகும், விலையில் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள். தூளே வராமல் இருபது வயது வண்டி மின்னினால், விற்பவரிடம் அனுமதி கேட்டு ஒரு மூலையில் அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் தெளித்து, சிறிது நேரம் ஊறவிட்டுத் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்து வெளுத்தால் மேலே இருப்பது என்னவென்று உங்களுக்கே தெரியும். அனுமதி தர மறுத்தாலும் தெரியும்.