மின் அடுப்பின் மேல் ஓர் அபவாதம்

நம் நகரங்களில் வாடகைக்கு வீடு தேடி அலைகிற கிருகஸ்தர் எவரானாலும், சமையலறையில் எரிவாயு இணைப்புக்கு வழியில்லை என்று அறிந்த மாத்திரத்தில் முகம் சுளித்து, இண்டக்ஷன் அடுப்பில் சமைத்தால் கரண்ட் பில் எங்கே போய் நிற்குமோ என்று அங்கலாய்ப்பதும், உடன் வந்தவர்கள் அதை வேதவாக்கியமாக ஆமோதிப்பதும் இன்று சர்வ சாதாரணமாகிவிட்டன. காகிதமும் பென்சிலும் எடுத்து ஒரு முறையேனும் கணக்குப் போட்டுப் பார்த்தவர் அந்தக் கூட்டத்தில் அபூர்வம். கேஸ் இல்லாத வீடு பணத்தை விழுங்கும் என்னும் இந்த அபிப்பிராயம், சாமானியக் குடும்பங்களைப் பொறுத்தவரை வெறும் பிரமை என்பதே என் கட்சி.

பிரமை பிறந்த விதத்தைக் காண்பது கடினமன்று. மின்வாரியத்தின் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மொத்தமாக வந்து நிற்கிறது. எரிவாயு உருளைக்கான பணமோ வேறொரு நாளில், வேறொரு கையிலிருந்து, பெரும்பாலும் அஞ்சறைப் பெட்டிச் சில்லறையோடு சில்லறையாகப் போய்விடுகிறது. உருளையைச் சுமந்து மாடிப்படி ஏறி வந்தவருக்குக் கொடுக்கும் மேல்காசை எந்த வீட்டுக் கணக்குப் புத்தகத்திலும் நான் கண்டதில்லை. ஆகவே மின் அடுப்புக்கு மாறிய குடும்பம், பில்லில் ஏறிய தொகையைக் கண்ணால் காண்கிறது. செலவாகாமல் மிஞ்சிய உருளைக் காசைக் காண்பதில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். 14.2 கிலோ உருளை ஒன்றில் அடங்கிய வெப்பத்தை மின்சார அளவில் சொன்னால் ஏறத்தாழ 180 யூனிட். 2025 ஏப்ரலில் சென்னையில் உருளையின் விலை ரூ.868.50 ஆயிற்று; அந்த விலைக்கு, வாயுவின் வெப்பம் யூனிட்டுக்கு ரூ.4.80-ஐ ஒட்டி விழுகிறது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு மின்கட்டணத்தில் 201 முதல் 400 வரையிலான யூனிட்டின் விலையும் கிட்டத்தட்ட அதுவே, ரூ.4.75 அளவில். விலை சமமென்றால் விரயம் எங்கே அதிகம் என்பதல்லவா கேள்வி? பர்னரின் சுவாலை பாத்திரத்தின் விலாவைத் தடவிக்கொண்டு மேலே ஓடி, சமையலறையையும் சமைப்பவரையும் வேகவைத்து, தன் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காற்றுக்குத் தாரைவார்த்துவிடுகிறது. இண்டக்ஷனிலோ பாத்திரத்தின் அடித்தகடே சூடேறுவதால் விரயம் ஆறில் ஒரு பங்கு அளவோடு நின்றுவிடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர மின் அடுப்புக்கு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஐம்பது காசுக்குள் போதும். கேஸ் அடுப்பில் அதே தண்ணீருக்கு அறுபது காசுக்கு மேல் எரிந்துபோகிறது.

ஆக ஓர் உருளை செய்யும் வேலையை மின் அடுப்பு சுமார் 140 யூனிட்டில் செய்து முடிக்கும். இரண்டு மாதத்துக்கு ஓர் உருளை பிடிக்கிற, 200 யூனிட் செலவழிக்கிற வீட்டை எடுத்துக்கொள்வோம். அது முழுக்க மின்சாரத்துக்கு மாறினால் பில்லில் ஏறுவது ரூ.665 அளவே, மிஞ்சுவது ரூ.868.50. விளக்கும் விசிறியுமாக நூறு யூனிட்டுக்குள் அடங்குகிற எளிய குடித்தனத்துக்கு, அந்தக் கட்டண முறையின் முதல் 100 யூனிட் இலவசமும் அடுத்த நூறுக்குள்ள சலுகையும் சேர்ந்து ஆதாயம் இன்னும் கூடும். யார் மின் அடுப்பைக் கண்டு அதிகம் அஞ்சுகிறார்களோ, அவர்களுக்கே அதனால் அதிக லாபம். இதைவிட விபரீதமான பயம் வேறு உண்டோ?

400 யூனிட் செலவழிக்கிற வீட்டின் கதை வேறு என்பதை நான் மறைக்கப்போவதில்லை. அங்கே சமையலுக்கான 140 யூனிட் சேர்ந்தால் மொத்தம் 500-ஐத் தாண்டும். தாண்டிய கணத்தில் இரண்டாம் நூறுக்கான சலுகை பறிபோகும். 500-க்கு மேற்பட்ட யூனிட்டு ஒவ்வொன்றுக்கும் எட்டரை ரூபாய் அளவில் அழவேண்டிவரும். கூட்டிப் பார்த்தால் பில் ரூ.1,200-க்கு மேல் ஏறுகிறது, உருளையே மலிவு. ஆனால் அந்த வீட்டை நானூறுக்குக் கொண்டுபோய் நிறுத்தியது எது? ஒன்றரை டன் ஏ.சி. ஓர் இரவில் ஏழெட்டு யூனிட்டைக் குடிக்கும். நால்வருக்குச் சமைக்க ஒரு நாளைக்கு இரண்டேகால் யூனிட் போதும். மூன்று நாள் சமையலை ஓர் இரவுக் குளிர்ச்சி விழுங்க, பழி முழுவதும் கடைசியாக வந்து சேர்ந்த அடுப்பின் தலையில் விழுகிறது. கூட்டுக் குடும்பத்தில் புதிதாக வந்த மருமகள் மேல் எல்லாக் குற்றத்தையும் சுமத்துகிற மாமியாரின் நியாயம் இது.

மேலும், அயல்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, அங்கேயே மின்சார வீடு கட்டுப்படியாகவில்லை என்று மேற்கோள் காட்டுவோரும் உளர். பிரிட்டனில் மின்சார யூனிட்டின் விலை குழாய் வாயுவின் விலையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. தவிரவும், அவர்கள் வாயுவை எரிப்பது பெரும்பாலும் குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றவே. அவர்கள் புலம்பலில் நியாயமுண்டு. அதை மயிலாப்பூருக்கும் மதுரைக்கும் இறக்குமதி செய்வதில் இல்லை. இறக்குமதி என்றதும் இன்னொன்று: நம் தேசம் எரிக்கிற சமையல் வாயுவில் பாதிக்கு மேல் கப்பலில் வருவது. 2023 ஆகஸ்டில் ரூ.1,118.50-க்கு விற்ற உருளை, 2024 மார்ச்சில் ரூ.818.50-க்கு இறங்கி, பிறகு மறுபடி ஏறியது. மின்கட்டணந்தான் ஸ்திரமில்லாதது என்போர் இதையும் சற்று நினைக்கவேண்டும்.

அசௌகரியங்கள் உண்டு, அவற்றையும் செலவில் சேர்ப்பதே தர்மம். ஈயச் சொம்பில் ரசம் வைக்கிற வீடு அதைப் பரணில் ஏற்றவேண்டும்; அலுமினிய வாணலியும் மண்சட்டியும் கல்சட்டியும் அந்தக் கண்ணாடித் தட்டின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். காந்தம் ஒட்டுகிற, அடி தட்டையான பாத்திரங்களுக்குச் சில ஆயிரங்கள் ஆகும். சிறு குடும்பத்தின் ஓராண்டு மிச்சம் அதில் போய்விடலாம். சுட்ட அப்பளத்துக்கும், தோல் கருகச் சுட்டு மசிக்கிற கத்தரிக்காய்த் துவையலுக்கும் சுவாலையன்றி வேறு கதியில்லை. இந்த நஷ்டத்தை ரூபாயில் மதிப்பிட நான் துணியவில்லை. எல்லாவற்றையும்விட வலுவான ஆட்சேபம் மின்தடை. 2016-இல் வர்தா புயல் அடித்த பின் சென்னையின் பல பகுதிகள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. மின்சாரத்தை மட்டும் நம்பிய வீட்டில் குழந்தைக்கு வெந்நீர்கூட வைத்திருக்க முடியாது. சாதாரண இன்வர்ட்டர் இந்த அடுப்பின் பளுவைத் தாங்காது. ஆனால் இதற்குப் பரிகாரம் ஐந்து கிலோச் சிறு உருளை ஒன்றை மூலையில் வைத்திருப்பதேயன்றி, ஆண்டு முழுவதும் பெரிய உருளைக்குக் கப்பம் கட்டுவதன்று.

வாசகர் என் சொல்லை நம்பவேண்டாம். தம் வீட்டுப் பில்லை எடுத்துப் பார்க்கட்டும். இரண்டு மாதத்துக்கு 350 யூனிட்டுக்குக் கீழே நிற்கிறவர் தாராளமாக மின் அடுப்புக்கு மாறலாம். மேலே சொன்ன விலைகளில் அவருக்கு நஷ்டமில்லை. 400-ஐ நெருங்கியவரும் தாண்டியவரும் உருளையை வைத்துக்கொள்ளட்டும், அல்லது ஏ.சி.யைக் கொஞ்சம் அணைத்துவைக்கட்டும்.